நம் தீவின் கரையினிலே

சென்ற தவக்காலத் தொடக்கத்தில் கடல் கடந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. எச்செய்தியும் கைபேசியில் வருவதே வழக்கமாகிவிட்ட இந்நாளில், தபால்தலை ஒட்டி, முகவரியைத் தன் கையால் எழுதி, உள்ளே ஒரு படஅட்டையும் வைத்து அனுப்பியிருந்தான், நாம் முன்பு பணியாற்றிய பங்கின் பிள்ளை ஒருவன். பீடச் சிறுவனாக நம் அருகே நின்று மணி அடித்தவன். இப்போது பெரியதொரு பயணிகள் கப்பலின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கிறான். கப்பல் ஒரு பகல் தங்கிய இடத்தில் கரையிறங்கி, கண்டதை நமக்கு விரித்து எழுதியிருந்தான்.

அந்த இடம் மதீரா என்னும் தீவு. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே எரிமலைகளால் எழுந்த தீவு. போர்த்துக்கல் நாட்டுக்கு உரியது. அதன் தலைநகரான ஃபுஞ்சாலின் கடற்கரையில் நம் வேளாங்கண்ணியைப் போல மணல் இல்லையாம். கறுத்து உருண்ட கூழாங்கற்களே கரையாகக் கிடக்கின்றனவாம். அலை ஏறும்போது ஓசை இல்லை. இறங்கும்போது ஆயிரமாயிரம் கற்கள் ஒன்றோடொன்று உருண்டு, மரக்காலில் நெல் அளப்பதுபோல் ஓசையிடும் என்று எழுதியிருந்தான். அருகே புனித யாகப்பர் பெயரைத் தாங்கிய பழைய மஞ்சட்கோட்டை ஒன்று நிற்கிறது. கற்கரை நெடுகிலும் ஆங்காங்கே கடல்நீர்க் குளங்கள். கடலுக்கும் குளத்துக்கும் இடையே கனத்த சுவர். கடல் அதன்மேல் மோதித் தணிந்து உள்ளே வருகிறது. இறங்கப் படிகள், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகள், ஊதுகுழலும் கையுமாக ஒரு காவலன். நகரத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே வந்து நீந்துகிறார்கள்.

கடிதத்தின் முடிவில் ஒரே ஒரு கேள்வி: “சாமி, நம்ம ஊரும் தீவுதானே? நம்ம கரை இப்போ எப்படி இருக்கு?”

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் சொல்வோம்.

வாசக அன்பர்கள் பலர் அறிந்திராத ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடலாம். அந்தத் தூரத்துத் தீவு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. திருத்தந்தை பத்தாம் லியோ 1514ஆம் ஆண்டில் ஃபுஞ்சாலை ஒரு மறைமாவட்டமாக ஏற்படுத்தியபோது, போர்த்துக்கீசியர் புதிதாகச் சென்று தங்கிய நாடுகள் யாவும் அதன் ஆயருக்கு உட்பட்டன. இந்தியக் கரைகளும் அவற்றுள் அடங்கும். 1534இல் கோவா தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. நம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டமாக உயர்ந்ததோ 1886ஆம் ஆண்டில்தான். ஆகவே நம் மறைமாவட்டங்களின் தலைமுறைப் பட்டியலை மேல்நோக்கித் தேடிச் சென்றால், அந்தக் கூழாங்கல் கரையில் போய் நிற்போம்!

இனி நம் தீவுக்கு வருவோம். குடகு மலையில் பிறந்து வரும் காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடே செல்கிறது. வடகிளை கொள்ளிடம் ஆகிறது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் இவ்வாறு பிரிந்து ஓடி, கல்லணை அருகே இரண்டும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட நிலமே திருவரங்கத் தீவு. வெள்ளத்தைக் கொள்ளும் இடம் ஆதலின் கொள்ளிடம் என்று அதற்குப் பெயர் வந்தது என்பர். அதன் படுகை காவிரியின் படுகையை விடத் தாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணலால் மேடிட, நீர் முழுவதும் கொள்ளிடத்தை நோக்கியே பாய, தஞ்சை வயல்கள் வறண்டன. அதைத் தடுக்கவே ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கினார். கிழக்கு முனையிலோ, கரிகாலன் பெயரால் போற்றப்படும் கல்லணை. தீவின் தலையிலும் காலிலும் ஒவ்வோர் அணை. நடுவே மக்கள், தென்னை, வாழை, கோபுரங்கள். இதுவே நம் தீவின் அமைப்பு.

பாஸ்கா காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், இப்போது நாம் பணியாற்றும் பங்கின் பீடச் சிறுவர் பதினால்வரையும் உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். கடிதம் எழுதிய பிள்ளையின் தாயாரையும் வருமாறு கேட்டிருந்தோம். பழைய பங்கிலிருந்து அதிகாலைப் பேருந்தில் ஏறி, ஒரு தூக்கு நிறையத் தயிர்சாதத்தோடு வந்து சேர்ந்தார்.

தெப்பக்குளத்தருகே தூய லூர்து அன்னை ஆலயத்தில் காலைத் திருப்பலி முடித்து, 1883ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து இவ்வூருக்கு வந்த புனித வளனார் கல்லூரியின் மதிலோரமாக நடந்தோம். 1ஆம் எண் பேருந்து அம்மா மண்டபம் சாலை வழியே போகும். ஆயினும் கால்நடையாகப் போனால்தான் ஆற்றைக் கடக்கிறோம் என்பது உறைக்கும். சிந்தாமணியைக் கடந்தால் ஓடத்துறை. பாலங்கள் இல்லாத காலத்தில் ஓடங்கள் நின்ற துறை என்பதை அப்பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது. 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தில் ஏறி நடுவழியில் நின்றோம். பின்னே மலைக்கோட்டை, முன்னே, 1987இல் நிறைவுபெற்ற 236 அடி உயர இராஜகோபுரம். கீழே பார்த்த சிறுவர்கள் ஒருமித்து, “தண்ணி எங்கே சாமி?” என்றார்கள்.

கேட்டது நியாயமே. மேட்டூர் அணையைச் சனவரி இறுதியில் மூடி, சூன் 12இல் திறப்பது நெடுங்கால வழக்கு. நாம் போனது கோடையின் நடுவில். அகன்ற ஆற்றில் வேட்டிக்கரை அகலத்துக்கு நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடியது. மற்றவை மணற்றிட்டும் நாணலும் வேலிக்கருவையும்.

மாம்பழச் சாலை வழியே இறங்கி அம்மா மண்டபத்தை அடைந்தோம். தூண்கள் நிறைந்த மண்டபம். அதைத் தாண்டினால் ஆற்றுக்குள் இறங்கும் அகன்ற கற்படிகள். அமாவாசை அன்று தம் முன்னோருக்குக் கடன் செலுத்துவோர் இங்கே நிறைந்திருப்பர். ஆடிப் பதினெட்டில் புதுமணப் பெண்கள் காதோலை கருகமணியோடு வந்து, தாலிக்கயிறு மாற்றி, சித்திரான்னம் பகிர்ந்து உண்பர். சிறுவர்கள் சப்பரம் இழுப்பர். திருவரங்கத்து உற்சவமூர்த்தியும் ஆடியில் இப்படித்துறைக்கு எழுந்தருள, காவிரிக்குப் பட்டும் மங்கலப் பொருள்களும் சீராக அளிக்கும் வழக்கம் உண்டு. பிற சமயத்தாரிடம் உள்ள உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அதை நாம் குருமடத்தில் ஏட்டில் படித்தோம். இப்படியில் உட்கார்ந்தால் கண்ணாலே படிக்கலாம். தண்ணீருக்கு நன்றி சொல்லத் தெரிந்த மக்கள் இவர்கள். நாம் ஆலய வாயிலில் தொட்டுச் சிலுவை வரைந்துகொள்வதையும், இவர்கள் இங்கே தலையில் தெளித்துக்கொள்வதையும் தமிழ் ஒரே சொல்லால்தான் குறிக்கிறது: தீர்த்தம்.

சிறுவர்கள் சட்டையைக் கழற்றத் தொடங்கியபோது, நீராடிவிட்டுத் துவைத்த வேட்டியை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மை நோக்கி வந்தார். நம் அங்கியைப் பார்த்து, “ஃபாதர், குழந்தைகளை இந்தப் படியோட நிக்கச் சொல்லுங்கோ. மணல்ல தனியா எறங்க விடாதீங்கோ. படியிலே இருக்கிறவரைக்கும் ஆழம் நமக்குத் தெரியும். படி முடிஞ்சா ஆத்துக்குத்தான் தெரியும்” என்றார். எழுபது ஆண்டுகளாக இதே துறையில் குளிப்பவராம். எந்தெந்த மாதத்தில் எத்தனை படி வெளியே தெரியும் என்று பஞ்சாங்கம் போல் சொன்னார்.

அப்போதுதான் கடிதத்தில் கண்ட கடல்நீர்க் குளங்களின் உட்பொருள் நமக்கு விளங்கிற்று. கனத்த சுவர் எழுப்பிக் கடலை அளவாக உள்ளே விட்ட அந்தத் தீவினர் செய்ததும், கற்படி அமைத்து ஆற்றை அளவாகத் தந்த நம் முன்னோர் செய்ததும் ஒன்றே. பெருந்தண்ணீரைக் கண்டு மனிதன் ஓடிவிடவும் இல்லை. அதில் கண்மூடி விழவும் இல்லை. ஒவ்வொரு படியாக அறிமுகம் செய்துகொண்டான். பிறவிக் குருடனை ஆண்டவர் கழுவிவர அனுப்பிய சீலோவாம் குளத்தின் படிகள் 2004ஆம் ஆண்டில் எருசலேமில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. கண் தெரியாத ஒருவன் துணையின்றி இறங்கவும் படி அல்லவா உதவியிருக்கும்! பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு இதனினும் பெரிய பாடம் வேண்டுவதில்லை. உலகத்துக்குள் அவர்களை இறக்கத்தான் வேண்டும். ஆனால் படிப்படியாக, கை எட்டும் தூரத்தில் நாம் நின்றுகொண்டு.

நீராடி முடித்ததும் பெரியவர் காட்டிய ஆழமற்ற மணற்பரப்பில் பிள்ளைகளை உட்காரவைத்தோம். ஒருவன் கூழாங்கல் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தான், வெண்மையும் வழவழப்புமாக. அன்று முழுவதும் தேடியும் அத்தகையவை பத்துக்கு மேல் கிடைக்கவில்லை. மலையில் உடைந்த கல் ஆற்றில் உருண்டு கூழாங்கல்லாகி, இன்னும் உருண்டு மணலாகித்தான் நம்மிடம் வந்து சேருகிறது என்று சொன்னோம். கடற்றீவின் கரையில் இருப்பது கல்லின் இளமை. நம் தீவின் கரையில் இருப்பது அதன் முதுமை. ஒருபிடி மணல் உருவாக எத்தனை காலம் ஆகும் என்று அவன் கேட்டான். மனிதர் கணக்கில் அடங்காது என்றோம். அதை ஒரு லாரியில் அள்ள எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை.

நாம் சிறுவராயிருந்த நாளில், கோடையில் இந்த மணலில்தான் ஊற்றுத் தோண்டுவார்கள். விடியுமுன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முழங்கை ஆழம் தோண்டி, கொட்டாங்குச்சியால் குடத்தில் முகந்து செல்வார்கள். அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் உடனே தோண்ட ஆரம்பித்தார்கள். முழங்கை ஆழத்துக்கும் கீழே சென்றும் ஈரமே தவிர நீர் இல்லை. அதுவரை பேசாமல் கரையில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயார் எழுந்து வந்து, இடத்தை மாற்றி, ஓடும் நீருக்கு அருகே மண்டியிட்டுத் தோண்டினார். கலங்கலாக நீர் ஊறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவரோ அதை அள்ளி வெளியே கொட்டினார். மீண்டும் ஊறியது, மீண்டும் கொட்டினார். “மொதத் தண்ணிய எறைச்சி ஊத்தணும், தம்பி. அப்பத்தான் தெளியும்” என்றார். நான்காம் முறை தெளிந்தது. நகரத்துக் கழிவு கலக்கும் ஆற்றில் அதைக் குடிக்க நாம் அனுமதிக்கவில்லை. கை கழுவிக்கொண்டு தயிர்சாதம் உண்டோம்.

உணவுக்குப்பின், உத்தர வீதிகளைச் சுற்றிக்கொண்டு வடக்கே நடந்து தீவின் மறுகரைக்குச் சென்றோம். வைணவ அன்பர் வடதிருக்காவேரி என்று அழைக்கும் கொள்ளிடம் அது. அங்கே மண்டபக் கூட்டமும் இல்லை, நிழலும் குறைவு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டதும், 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சாய்ந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அணைகள் தடுப்பதால் மேலிருந்து புதுமணல் வருவது குறைந்துவிட்டது. இருந்த மணலையோ பல்லாண்டுகளாக அள்ளினோம். ஆறு மணலை இழந்தால் தூண்களின் அடியை அரிக்கும். மழைநீரைத் தன்னுள் பிடித்துவைக்கும் ஆற்றலையும் இழக்கும். திருச்சி நகருக்குக் குடிநீர் தரும் கிணறுகள் இவ்விரு ஆறுகளின் மணலுக்கடியில்தான் இருக்கின்றன என்பதை நம் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது யார் நினைக்கிறோம்?

இனி, சொல்வதாகச் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்தக் கப்பற்பிள்ளையின் தம்பி, பதினாறு வயதினன், நண்பர்களோடு கொள்ளிடத்தில் குளிக்கச் சென்றான். முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டிருந்தவன், அடுத்த அடியில் மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்கினான். அவனுக்கு நீந்தத் தெரியும். ஆனால் சரியும் மணல் பள்ளத்தில் கால் ஊன்ற இடம் தராது. வீடு சிறியதாகையால், அவன் உடலை நம் பங்கு மண்டபத்தில் வைத்தோம். அதற்கு முந்திய ஆண்டில் நாம் கட்டிய மண்டபம் அது. அது மந்திரிக்கப்பட்ட நாளில் தீர்த்தப் பாத்திரத்தைத் தாங்கி வந்தவன் அவனே.

அந்த மண்டபத்துக்கு மணல் தேவைப்பட்டபோது, குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று ஒருவர் சொல்ல, நாமும் சம்மதித்தோம். லாரிகள் இரவில் வந்தன. ஏன் இரவில் வருகின்றன என்று நாம் கேட்கவில்லை, ரசீதும் கேட்கவில்லை. பங்குமக்களின் காணிக்கைப் பணம் மிச்சமாகிறது என்றே மகிழ்ந்தோம். அந்த மணல் அந்தப் பள்ளத்திலிருந்துதான் வந்ததென்று எவராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. அதன்பின் நாம் பணியாற்றிய எந்தப் பங்கிலும் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துச் சென்றதில்லை. ஆறு அபாயமானது என்று பிறரிடம் சொன்னோம். உண்மையில், நாம் ஆற்றின் முகத்தில் விழிக்க அஞ்சினோம்.

ஒப்புரவு அருளடையாளத்தில் இதை நாம் முன்பே அறிக்கையிட்டதுண்டு. ஆனால் சொல்லவேண்டிய இன்னொருவர் இருந்தார். கடிதத்தில் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் கம்பியும் காவலனும் உள்ள குளத்தைப் பற்றி அவன் அத்தனை விரிவாக எழுதியதன் காரணம் நமக்குத் தெரியாதா? கொள்ளிடக் கரையில், பிள்ளைகள் உபதேசியாரோடு செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், அந்தத் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “தெரியும் சாமி. எங்க வீட்டுத் தளத்துக்கும் அந்த ராத்திரி மணல்தான் போட்டாங்க அவரு” என்றார். ‘அவர்’ என்றது தம் கணவரை. சிறிது நேரம் கழித்து, “புள்ளைங்களுக்கு வெயில் ஏறுது, கெளம்பலாம் சாமி” என்று எழுந்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய சொல்லை அவரிடம் எதிர்பார்க்கவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் அடுத்த ஆண்டும் வருவதாகவும், இன்னும் பெரிய தூக்கு கொண்டு வருவதாகவும் பேருந்தில் ஏறுமுன் பிள்ளைகளிடம் சொல்லிச் சென்றார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், தூய குடிநீர் என்பது மனிதனின் அடிப்படை உரிமை என்றும், பூமிக்கு இழைக்கும் கேடு ஏழையின் மேலேயே முதலில் விழுகிறது என்றும் கற்பித்தார். அந்த மடலை நாம் பிரசங்கபீடத்திலிருந்து விளக்கியபோது மக்கள் அமைதியாகக் கேட்டார்கள். கொள்ளிடக் கரையில் அந்தத் தாயார் கூறிய ஒரு வாக்கியம் அதைவிடத் தெளிவாக விளக்கிற்று.

ஆகவே, குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியர்க்கும் சில சொற்கள். வீடோ கெபியோ கட்டும்போது, மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ரசீது இல்லாத மணலை வாங்காதீர்கள். கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் கிடைக்கும் நாளில் ஆற்றை அள்ளவேண்டிய கட்டாயமும் இல்லை. பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள். ஆனால் நீச்சல் தெரியும் என்பதற்காக ஆற்றில் தனியே விடாதீர்கள். படி உள்ள துறையிலே இறங்குங்கள். அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு இறங்குங்கள். அச்சத்தால் பிள்ளைகளை ஆற்றிடமிருந்து முற்றும் பிரித்தும் விடாதீர்கள். தான் அறியாத ஆற்றுக்காக நாளை எந்தப் பிள்ளை கவலைப்படும்?

கடிதத்துக்கு மறுமொழி எழுதினோம். “நம் கரையில் கூழாங்கல் அதிகம் இல்லை, உப்புநீர்க் குளமும் இல்லை. படிகள் இருக்கின்றன. பள்ளங்களும் இருக்கின்றன, அவற்றை வெட்டிய கைகளில் நம் கையும் ஒன்று. உன் தாயார் தோண்டிய ஊற்றில் நான்காம் இறைப்புக்குத் தண்ணீர் தெளிந்தது” என்று எழுதி, பிள்ளைகள் கண்டெடுத்த வெண்கூழாங்கற்களில் ஒன்றைச் சிறு பொட்டலமாக மடித்து உடன் வைத்தோம். மிஞ்சியவை நம் பங்கு ஆலய வாயிலில், தீர்த்தத் தொட்டியின் அடியில் கிடக்கின்றன. கைவிரல் நனைக்கும் ஒவ்வொருவருக்கும் அவை கண்ணில் படும்.

நீரைப் படைத்து, அதைத் தூயதெனக் கண்ட இறைவன், நம் தீவின் இரு கரைகளையும், அவற்றில் இறங்கும் பிள்ளைகளையும் காத்தருள்வாராக.